மேகத்துக்குள் நுழையும் பிள்ளை



பாடாங் செராய் பக்கத்திலிருந்து ஒரு தாயார் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், போடவில்லை. மாமனார் பால்மரம் வெட்டியவர். கணவர் லாரி ஓட்டுகிறார். ஒரே மகன் விமானியாக வேண்டும் என்று படிக்கிறான். வீட்டை அடமானம் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். முதல் கட்டத்தில் எல்லாரும் மெச்சும்படி பறந்தான். தனியாக விமானம் ஓட்டி இறக்கிய அன்று தோட்டத்துக் கோயிலில் பொங்கல் வைத்தார்களாம்.

இப்போது வந்து நிற்பது 'இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்' என்ற கட்டம். இரண்டு முறை சோதனையில் தோற்றுவிட்டான். "அம்மா, கண்ணை மறைத்துக்கொண்டு பறக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கிறது. கருவியோ நேராக இருக்கிறாய் என்கிறது. எதை நம்புவது?" என்று தொலைபேசியில் அழுதிருக்கிறான். "அவனுக்கு இது ஒத்துவராது, கூலிம் தொழிற்சாலையில் வேலைக்குப் போகட்டும்" என்கிறார் தகப்பனார். மேற்கொண்டு பயிற்சிக்குப் பணம் வேண்டும். மாமனார் வைத்துவிட்டுப் போன சிறு நிலம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதையும் விற்கலாமா என்பது தாயாரின் கேள்வி.

இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டும் அல்ல. நம் பிள்ளைகள் பலர் இன்று இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆகவே இந்த இதழில் இதையே எடுத்துக்கொள்கிறேன். பதில் சொல்வதற்கு முன்னால், அந்தப் பையன் எதோடு மல்லுக்கு நிற்கிறான் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜெராய் மலை தெரியாத நாள்

நம் கெடா மண்ணுக்குக் கடாரம் என்று பெயர் இருந்த காலத்திலேயே தமிழ்நாட்டு மாலுமிகள் கடல் கடந்து இங்கே வந்தார்கள். அவர்களுக்குத் தூரத்திலிருந்தே கரையைக் காட்டிக் கொடுத்தது ஜெராய் மலை. 1,217 மீட்டர், ஏறக்குறைய 4,000 அடி உயரம். சமவெளியில் தனியாக எழுந்து நிற்பதால் கண்ணுக்குத் தப்பாது. விமானம் ஓட்டக் கற்கும் பிள்ளையும் முதலில் இப்படித்தான் பறக்கிறான். மலை இந்தப் பக்கம், கடற்கரை அந்தப் பக்கம், வடக்கே நெல் வயல்கள், நடுவே நெடுஞ்சாலை என்று கண்ணால் பார்த்துப் போகிறான். அடிவானம் நேராகத் தெரிகிற வரையில் விமானமும் நேராக இருக்கும்.

ஆனால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஜெராய் எத்தனை நாள் நம் கண்ணுக்குத் தெரிகிறது? குரூணிலிருந்து பார்த்தால் பாதி மலை மேகத்துக்குள் கிடக்கும். 1997ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் வந்த புகைமூட்டத்தை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் கண்ணால் மட்டும் பறக்கத் தெரிந்தவன் தரையில்தான் நிற்க வேண்டும். மேகத்துக்குள்ளும் மழைக்குள்ளும் வெளியே ஒன்றும் பார்க்காமல், முன்னால் இருக்கும் கருவிகளைக் கொண்டே பறந்து, ஓடுபாதைக்கு நேராக வந்து சேரும் தகுதியைத்தான் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்கிறார்கள். பயணிகளை ஏற்றிச் செல்லும் விமான நிறுவனங்களில் இது இல்லாமல் வேலை இல்லை. 'இந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மற்றதைப் படி' என்று சொல்ல வழியில்லை என்பதை அந்தத் தகப்பனார் முதலில் அறிய வேண்டும்.

காதுக்குள் இருக்கும் பொய்

இப்போது பையனின் அழுகைக்கு வருவோம். உடம்பு சாய்ந்த மாதிரி இருக்கிறது என்றானே, அது அவனுடைய குறை அல்ல. ஆண்டவன் எல்லாருக்கும் வைத்த உடம்பு அப்படித்தான் இருக்கிறது.

நம் காதின் உட்பகுதியில் வளையம் போன்ற மூன்று சிறு குழாய்கள் உண்டு. அவற்றுக்குள் நீர் போன்ற திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது குழாய் திரும்பும், உள்ளே இருக்கும் திரவம் கொஞ்சம் பின்தங்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் 'நாம் திரும்புகிறோம்' என்று மூளை அறிகிறது. ஆனால் ஒரே சீராக ஏறக்குறைய 20 விநாடி திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் குழாயோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். அப்புறம் மூளைக்குச் செய்தி போகாது. திரும்பிக்கொண்டிருக்கும்போதே நேராகப் போவதாகத் தோன்றும். உண்மையாகவே நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். தைப்பூசத் திடலில் ராட்டினத்திலிருந்து இறங்கிய குழந்தை, நின்ற இடத்திலேயே தள்ளாடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே விஷயம்தான்.

தரையில் இருக்கும்போது கண் இந்தப் பொய்யைத் திருத்திவிடுகிறது. மேகத்துக்குள் கண்ணுக்கு வேலை இல்லை. அப்போது உடம்பை நம்பினால் என்ன ஆகும்? 1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை, மேகத்துக்குள் இருப்பது போன்ற நிலையில் பறக்க வைத்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை! ஒரு பானைச் சோறு கொதி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். விமானம் தெரியாமலே ஒரு பக்கம் சாய்கிறது. சாய்ந்தால் உயரம் குறையும். உயரம் குறைவதைப் பார்த்தவன், சாய்வை நேராக்காமல் மூக்கை மட்டும் மேலே இழுக்கிறான். இழுக்க இழுக்கச் சுழற்சி இறுகுகிறது. இறுகிக்கொண்டே கீழே போகிறது. ஆகவே உங்கள் மகன் 'எதை நம்புவது' என்று கேட்டது அசட்டுக் கேள்வி அல்ல, சகோதரி. இந்தப் படிப்பு முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

பதிலைக் கண்டுபிடித்த கதை

1920களில் இதே கேள்வி உலகத்தின் பெரிய விமானிகளையும் ஆட்டிவைத்தது. 'நல்ல விமானிக்கு உடம்பே சொல்லும்' என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையோடு மேகத்துக்குள் போனவர்கள் பலர் திரும்பவில்லை. 1929 செப்டம்பர் 24ஆம் தேதி, நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்ட் என்ற தளத்தில் ஜிம்மி டூலிட்டில் என்பவர், தம் இருக்கையைத் துணியால் முழுக்க மூடிக்கொண்டு, வெளியே எதையும் பார்க்காமல், விமானத்தை எழுப்பி, சுற்றி வந்து, இறக்கியும் காட்டினார். ஆபத்து வந்தால் உதவ முன் இருக்கையில் இன்னொரு விமானி இருந்தார். அவர் கை வைக்க நேரவில்லை. டூலிட்டிலுக்குத் துணை நின்றவை, வேகமாகச் சுழலும் சக்கரத்தை வைத்துச் செய்த செயற்கை அடிவானமும், திசை காட்டும் கருவியும், நுட்பமாக உயரம் காட்டும் மானியும், தரையிலிருந்து வந்த வானொலி அலையும்தான்.

அதற்குப் பின் சில ஆண்டுகளில், ஐரோப்பாவிலிருந்து சிங்கப்பூருக்கும் ஜாவாவுக்கும் போன விமானங்கள் நம் அலோர் ஸ்டாரில் இறங்கிச் சென்றன. அதே அலோர் ஸ்டாரில்தான் மலேசிய விமானப் படை பல தலைமுறை விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. கெடாவின் வானத்தில் சின்ன விமானங்கள் வட்டமிடுவதைப் பார்த்தே வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் நாம்.

ஆறு கடிகாரங்கள்

பழைய பயிற்சி விமானத்தில் விமானியின் முன்னால் ஆறு வட்ட முகங்கள் இருக்கும். ஒன்று வேகம் காட்டும். ஒன்று உயரம். ஒன்று ஏறும் இறங்கும் விகிதம். ஒன்று திசை. ஒன்று திரும்பும் வேகம். நடு மேலே இருப்பது செயற்கை அடிவானம். புதிய விமானங்களில் இவை தொலைக்காட்சி போன்ற திரையில் வருகின்றன, விஷயம் ஒன்றுதான்.

கற்பவன் செய்யும் பெரிய தவறு, ஒரு முகத்தையே முறைத்துப் பார்ப்பது. உயரம் 50 அடி தவறியது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தால், அதற்குள் திசை போய்விடும். திசையைப் பிடித்தால் வேகம் போய்விடும். நடு அடிவானத்தைப் பார், உயரத்தைப் பார், மறுபடி நடு; திசையைப் பார், மறுபடி நடு - இப்படிக் கண் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பில் சோறு, பக்கத்தில் குழம்பு, கீழே தவழும் குழந்தை மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கும் தாய்க்கு இது புதிதல்ல. அவள் எதையும் முறைத்துப் பார்ப்பதில்லை; எதையும் விடுவதுமில்லை.

கருவியை நம்பு என்றால் ஒரே கருவியைக் கண்மூடி நம்பு என்று அர்த்தம் இல்லை. வேகம் காட்டும் கருவி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு குழாயின் வழியாகக் காற்றின் அழுத்தத்தை அளக்கிறது. குழாய் அடைத்தால் கருவி பொய் சொல்லும். 2009 ஜூன் 1ஆம் தேதி அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தில் அந்தக் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது. வேகம் தவறாகக் காட்டிய சிறிது நேரத்தில் விமானிகள் குழம்பினார்கள். 228 பேர் மாண்டார்கள். ஆகவே ஒரு கருவி சொல்வதை மற்றவற்றோடு ஒத்துப் பார்ப்பதும் இந்தப் படிப்பில் சேர்ந்தது.

இதற்கு மேல் வானொலி இருக்கிறது. தரை நிலையத்திலிருந்து வரும் அலையை வைத்து, நாம் அதற்கு எந்தத் திசையில் இருக்கிறோம் என்று அறிய வேண்டும். இறங்க இடம் கிடைக்கும் வரை, ஒரு நிமிடம் நேர், அரை வட்டம், மறுபடி ஒரு நிமிடம் என்று வானத்தில் சுற்றிக் காத்திருக்க வேண்டும். காற்று தள்ளுவதற்கு ஏற்ப நேரத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். பிறகு மூன்று டிகிரிச் சரிவில் கண்ணுக்குத் தெரியாத அலைப் பாதையில் இறங்க வேண்டும். அதற்கு மனக்கணக்கு வேண்டும். தரை வேகம் 90 நாட் என்றால் அதை ஐந்தால் பெருக்கு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 450 அடி இறங்கு. இப்படிப் பல கணக்குகள், கை வேலையாக இருக்கும்போதே வாயில் வர வேண்டும்.

மூன்று விபத்துகள், மூன்று பாடங்கள்

இந்தப் படிப்பில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை.

1977 செப்டம்பர் 27ஆம் தேதி. ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று மழையில் சுபாங்கில் இறங்க வந்தது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் வரை குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. இறங்கிவிட்டார்கள். எல்மினா தோட்டத்துக் குன்றில் மோதியது. 79 பேரில் 34 பேர் இறந்தார்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்த அந்தச் சம்பவம் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

1983 டிசம்பர் 18ஆம் தேதி. சிங்கப்பூரிலிருந்து வந்த நம் நாட்டு ஏர்பஸ் விமானம் கொட்டும் மழையில் அதே சுபாங்கில், ஓடுபாதையை எட்டுவதற்கு முன்பே தரையில் மோதியது. அதுவும் பார்க்காமலே கீழே இறங்கிய தவறுதான். தெய்வாதீனமாக 247 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

1989 பிப்ரவரி 19ஆம் தேதி. ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம். 2,400 அடிக்கு இறங்கு என்று சொல்ல, தரையிலிருந்தவர் 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார். விமானியோ முதலில் வந்த 'டூ' என்பதை இலக்கமாக எடுத்துக்கொள்ளாமல் 'ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று 400 அடியாகத் திருப்பிச் சொன்னார். அந்தத் தவறை யாரும் திருத்தவில்லை. பூச்சோங் அருகே குன்றில் மோதி நால்வரும் இறந்தார்கள். ஒரு சின்னச் சொல்!

முதல் பாடம்: எல்லை உயரம் என்றால் எல்லைதான். சாதாரணமான கருவி இறக்கத்தில் 200 அடி வரை வரலாம். அங்கே ஓடுபாதை தெரியவில்லையா, எஞ்சினை முடுக்கி மேலே போய்விட வேண்டும். 'இன்னும் கொஞ்சம்' என்ற பேச்சே கூடாது. இரண்டாவது: திரும்பிப் போவது தோல்வி அல்ல. மூன்றாவது: காதில் விழுந்ததைச் சரிபார். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைச் சரியாகக் கேட்டு, சரியாகத் திருப்பிச் சொல்லப் பழக வேண்டும். விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்வு உலக விதியாகவே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தகுதி இடிமேகத்துக்குள் புகுவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. நம் நாட்டு மாலை நேரத்து இடிமேகத்தை எந்தக் கருவியும் அடக்காது. அதைச் சுற்றிப் போவதும், போகாமல் இருப்பதும்தான் தகுதி பெற்றவனின் அறிவு.

எத்தனை மணி நேரம்?

ஐக்காவோ என்னும் உலக அமைப்பு வகுத்த குறைந்த அளவு இது: கருவிகளைக் கொண்டு பறந்த நேரம் 40 மணி. அதில் 20 மணி வரை தரையில் இருக்கும் பயிற்சிக் கூண்டில் கழிக்கலாம். உயர்ந்த வகை சிமுலேட்டர் என்றால் 30 மணி வரை. ஆசிரியரோடு விமானத்தில் பெற்ற கருவிப் பயிற்சி குறைந்தது 10 மணி. இது தவிர, பொறுப்பு விமானியாக ஊர் விட்டு ஊர் பறந்த நேரம் 50 மணி. எழுத்துத் தேர்வும் பறக்கும் சோதனையும் வேறு. நம் நாட்டில் இவற்றை மேற்பார்ப்பது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்.

'குறைந்த அளவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். சிலருக்கு 40 மணியில் வரும். பலருக்கு மேலும் சில மணி வேண்டும். ஒவ்வொரு மணியும் பணம். அதனால்தான் பையன்கள் அவசரப்படுகிறார்கள், அவசரப்படுவதால்தான் தோற்கிறார்கள்.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. விமானத் துறையில் நெடுநாள் இருந்த நண்பர் ஒருவர் எனக்குச் சொன்னது. விமானத்தின் முகப்பைப் போல ஓர் அட்டையில் ஆறு வட்டங்களை வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும். அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். கையில் ஒரு குச்சி. தங்கையோ தாயோ பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பார்த்து 'உயரம் 100 அடி குறைவு', 'திசை பத்து டிகிரி இடம்' என்று படிக்க வேண்டும். அவன் என்ன செய்வான் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இறங்கும் முறை ஒவ்வொன்றையும் இப்படிப் பத்து முறை நாற்காலியில் பறந்துவிட்டுப் போனால், ஆகாயத்தில் யோசிப்பதற்குக் கொஞ்சம் நேரம் மிஞ்சும். ஐந்தாம் வகுப்பு மட்டுமே படித்த தாயும் இந்த உதவியைச் செய்யலாம். பரம்பரைப் பெருமையோ பணமோ தேவையில்லை.

நிலத்தை விற்கலாமா?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், சகோதரி.

உடம்பு சாய்வதாகத் தோன்றுவதால் உங்கள் மகன் இதற்கு லாயக்கில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். எல்லாருக்கும் அது தோன்றும். ஆனால் இரண்டு முறை தோற்றது ஏன் என்பதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கடிதம் நான்கு பக்கம் இருக்கிறது. அதில் ஆசிரியர் என்ன சொன்னார் என்ற ஒரு வரி இல்லை.

ஆகவே நீங்களும் கணவரும் மகனோடு போய் ஆசிரியரைப் பாருங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். அவன் எந்த இடத்தில் தவறினான்? கண் ஓட்டத்திலா, வானொலியிலா, இறங்கும் முறையிலா? அதைச் சரிசெய்ய இன்னும் எத்தனை மணி வேண்டும், என்ன செலவு? அவன் உங்கள் சொந்தப் பிள்ளையாக இருந்தால் தொடரச் சொல்வீர்களா? இவற்றுக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆசிரியரை மாற்றிக் கேட்பதிலும் தவறில்லை. காதில், மூக்கில் கோளாறு ஏதும் இல்லை என்று மருத்துவரிடமும் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதில் வரும் வரை நிலத்தில் கை வைக்காதீர்கள். சில மணி நேரப் பயிற்சிதான் தேவை என்று தெரிந்தால், அதற்கு மட்டும் கடன் பாருங்கள். எத்தனை மணி, எத்தனை வெள்ளி என்று இப்போதே எல்லை போடுங்கள். அந்த எல்லையைத் தொட்டும் ஓடுபாதை தெரியவில்லை என்றால், மேலே எழும்பி வேறு வழி போவதில் வெட்கம் இல்லை. விமானத்தைப் பழுது பார்ப்பவர், வானிலை சொல்பவர், தரையிலிருந்து வழிகாட்டுபவர் எல்லாரும் இதே துறையில் மதிப்போடு வாழ்கிறவர்கள்தான். அவன் இதுவரை படித்தது வீண் போகாது. தகுதி கிடைத்த மறுநாளே வேலை கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2020இல் கொரோனா வந்தபோது அனுபவம் மிக்க விமானிகளே வீட்டில் உட்கார்ந்ததைப் பார்த்தோம்.

தகப்பனாருக்கும் ஒரு வார்த்தை. ஐயா, பயத்தில் 'வேண்டாம்' என்கிறீர்கள். தாயார் பாசத்தில் 'விற்கலாம்' என்கிறார். இரண்டும் காதுக்குள் இருக்கும் திரவம் போன்றவைதான். ஒரு பக்கம் சாய்வதை நேர் என்று சொல்லும். அந்தப் பிள்ளையின் பறந்த நேரக் குறிப்பேடும், ஆசிரியரின் அறிக்கையும், உங்கள் வங்கிக் கணக்கும்தான் இப்போது உங்கள் கருவிகள். மூன்றையும் மேசைமேல் வைத்து, ஒன்றை ஒன்றோடு ஒத்துப் பாருங்கள். மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த அட்டையை வரைந்து சுவரில் ஒட்டுங்கள். விடுமுறைக்கு வரும்போது மாலையில் அரை மணி நேரம் அவனுக்கு எண்களைப் படித்துக் காட்டுங்கள். சோதனை முடிந்ததும், முடிவு எதுவானாலும், எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். வாசகர்களும் கேட்பார்கள்.